ஒரே பெயரில் எத்தனை பைக்? மாடல் வரிசையை இழுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டருக்கு வந்தான். "அண்ணே, முன் பிரேக் பேட் ஒரு செட்டு" என்று பைக்கின் பெயரையும் நம்பரையும் சரியாகவே சொன்னான். எடுத்துக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் வெயிலில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். பேட் உட்காரவில்லை. பின் நுழையும் ஓட்டை இரண்டு நூல் தள்ளியிருந்தது. விசாரித்தால், அதே பெயர், அதே நம்பர், ஆனால் கூடவே ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்த மாடலாம். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரே வேறு. அந்த எழுத்தை வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை, மெக்கானிக் தம்பியிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. ஓடுகிற ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதை இழுத்து இழுத்துப் பத்து வண்டிக்கு ஒட்டுவது எல்லாக் கம்பெனிக்கும் உள்ள பழக்கம். ஒரே பெயரில் வேரியன்ட், அதாவது வெவ்வேறு வகை, நிறைய இருப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பெயரைக் கேட்டதுமே எந்த வண்டி என்று ஒருவருக்கு விளங்க வேண்டும். அது விளங்காத இடத்தில்தான் வாங்குபவர், விற்பவர், ரிப்பேர் செய்பவர் என்று எல்லோருக்கும் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டிஸ்கவர் சொல்லித்தரும் பாடம்

இதற்கு இந்தியாவில் டிஸ்கவரை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 2004-ல் பஜாஜ் அதை 125 சிசி வண்டியாகக் கொண்டுவந்தது. அப்போது அந்தப் பெயருக்கு ஒரு தெளிவான அர்த்தம் இருந்தது. நூறு சிசி வண்டியின் மைலேஜும் வேண்டும், கொஞ்சம் இழுவையும் வேண்டும், ஆனால் பல்சர் அளவுக்குச் செலவு செய்ய முடியாது என்கிறவருக்கான வண்டி அது. பக்கத்து வீட்டுக்காரர் டிஸ்கவர் எடுத்திருக்கிறார் என்றால் எப்படிப்பட்ட வண்டி என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இடையில் 110, 135 என்று கிளைகள் விட்டன. 2009-ல் டிஸ்கவர் 100 வந்தது. நன்றாகவும் விற்றது. என்னைக் கேட்டால் அந்த விற்பனைதான் கம்பெனியின் கண்ணை மறைத்தது. கீழே இழுத்தது விற்றால் மேலேயும் இழுக்கலாம் என்ற துணிச்சலில் 2010-ல் டிஸ்கவர் 150 வந்தது. ஆனால் 150 வாங்க வருகிறவர் ஏன் டிஸ்கவர் எடுக்க வேண்டும்? அதே ஷோரூமில் நாலடி தள்ளி பல்சர் 150 நிற்கிறதே! டிஸ்கவர் என்றால் என்ன வண்டி என்ற கேள்விக்கு அதன்பிறகு யாராலும் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் எழுத்துகள் வந்தன. 125எஸ்டி, 100டி, 125டி, 100எம், 125எம், 150எஸ், 150எஃப். இதில் பழைய டிஸ்கவர் 100 என்பது 94 சிசி இன்ஜின். 100டி, 100எம் இரண்டும் நான்கு வால்வு கொண்ட 102 சிசி இன்ஜின். பெயரில் "100" என்பது மட்டும் பொது. ஊர்ப்புறத்திலிருந்து மகனோடு வண்டி வாங்க வந்த ஒருவருக்கு டி-க்கும் எம்-முக்கும் என்ன வித்தியாசம் என்று விற்பனையாளர் எப்படி விளக்குவார்? குழம்பியவர் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, போகிற வழியில் ஸ்பிளெண்டரை புக் செய்துவிட்டுப் போவார். டிஸ்கவரை இப்படி விரித்தது தவறு என்று கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ராஜீவ் பஜாஜே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2018-ல் 110, 125 என்ற இரண்டோடு மறுபடி தொடங்கிப் பார்த்தார்கள். 2020-ல் பிஎஸ்-6 என்ற புகை கட்டுப்பாட்டு விதி வந்தபோது டிஸ்கவர் அதற்கு மாறவே இல்லை. பெயரும் அதோடு போய்விட்டது. நல்ல வண்டி. எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பதினைந்து சிசி-க்குள் ஐந்து பைக்

பல்சர் கதை வேறு. 2001-ல் 150, 180 என்ற இரண்டே வண்டிகளோடு வந்து, இந்திய இளைஞர்களின் பைக் ஆசையையே மாற்றிய பெயர் அது. அதற்கு இருக்கும் மரியாதையால் எத்தனை முறை இழுத்தாலும் அறுந்துபோகவில்லை. ஆனால் 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் பல்சர் 150, பி150, என்150, என்எஸ்160, என்160 ஆகிய ஐந்தும் ஷோரூமில் இருந்தன. எல்லாமே ஏறக்குறைய 150-க்கும் 165 சிசி-க்கும் இடைப்பட்ட வண்டிகள். 2022 நவம்பரில் வந்த பி150-யும் மறு ஆண்டு வந்த என்150-யும் அடிப்படையில் ஒரே இன்ஜின்தான். என்எஸ்160-ல் நான்கு வால்வு, என்160-ல் இரண்டு. ஒரு "எஸ்" எழுத்து போனால் இன்ஜினே மாறுகிறது! கவுன்டரில் நிற்பவனுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. பி150 ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அதன் விலையையும் இடத்தையும் தின்றது போட்டிக் கம்பெனி அல்ல, வீட்டுக்குள் இருந்த அண்ணன் தம்பிகள்தான்.

டீலரின் பக்கத்திலிருந்தும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு வேரியன்டுக்கும் மூன்று நிறம் என்று வைத்தாலே ஐந்து வண்டிக்குப் பதினைந்து வண்டி நிறுத்த வேண்டும். அவ்வளவு பணத்தை முடக்க எல்லா டீலராலும் முடியாது. ஆகவே எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அதை வாடிக்கையாளர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கேட்ட வண்டி கிடைக்காமல் கிடைத்த வண்டியை எடுத்தவர் அடுத்த தடவை அந்த ஷோரூம் பக்கமே வரமாட்டார்.

ஓடுகிற வண்டியை நிறுத்துவது

புதுசுக்கு இடம் கொடுக்கப் பழசை நிறுத்துவது இன்னொரு தவறு. 2012-ல் வந்த பல்சர் 200என்எஸ் பெரிய பெயர் வாங்கிய வண்டி. 2015-ல் ஏஎஸ்150, ஏஎஸ்200 என்று புதிய கிளை வந்தபோது அதை ஒதுக்கினார்கள். ஏஎஸ் நிற்கவில்லை. 2017-ல் பழைய வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், எழுத்தை முன்னுக்கு மாற்றி என்எஸ்200 என்று. பல்சர் 220எஃப் வண்டிக்கும் இதே கதிதான். பல்சர் 250 வந்த பிறகு 2022-ல் நிறுத்தி, கேட்பவர்கள் விடாததால் 2023-ல் மறுபடி விற்பனைக்கு விட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் "இனி ஸ்பேர் கிடைக்குமா அண்ணே?" என்று பயந்து வண்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்பிளெண்டரைப் பாருங்கள். 1994-லிருந்து பிளஸ், சூப்பர், என்எக்ஸ்ஜி, புரோ, ஐஸ்மார்ட், எக்ஸ்டெக் என்று அதற்கும் வால் நீளம்தான். ஆனால் 97.2 சிசி இன்ஜினோடு நடுவில் நிற்கும் அந்த ஒரு வண்டியை யாரும் அசைக்கவில்லை. மற்றவை வரும், போகும். "ஸ்பிளெண்டர் கொடுங்க" என்றால் எதைக் கேட்கிறார் என்பதில் சந்தேகமே வராது.

ராயல் என்ஃபீல்டு எதிர்த் திசையில் போனது. திருவொற்றியூரில் வளர்ந்த இந்தக் கம்பெனி ஒரே 349 சிசி இன்ஜினை வைத்து மீட்டியார், கிளாசிக், ஹன்டர், புல்லட் என்று வெவ்வேறு பெயரில் விற்கிறது. உட்காரும் விதம் வேறு, வாங்கும் ஆள் வேறு, ஆகவே பெயரும் வேறு. இன்ஜின் ஒன்று என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கும் சரக்கு வைப்பது சுலபம். அவர்களிடமும் குறை உண்டு. 2021-ல் இன்ஜின் 346-லிருந்து 349-க்கு மாறியபோதும் கிளாசிக் 350 என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால் "பழசா, புதுசா?" என்று கேட்காமல் நான் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை.

வெறும் ஸ்டிக்கரும் நிறமும் மாற்றி ஸ்பெஷல் எடிஷன் என்று விடுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாகங்கள் மாறாதவரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாங்குபவர் செய்யக்கூடியது

ஒரு பெயரில் நாலைந்து வேரியன்ட் இருந்தால், சந்தைக்கு வந்து ஒரு வருஷமாவது ஆனதை எடுங்கள். உங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் எது அதிகம் ரிப்பேருக்கு வருகிறது என்று கேட்காதீர்கள். எதற்கு ஸ்பேர் உடனே கிடைக்கிறது என்று கேளுங்கள். விற்பனையாளர் இரண்டு வேரியன்டுக்கு உள்ள வித்தியாசத்தை ஒரு நிமிஷத்தில் சொல்ல முடியாமல் திணறினால், கூடுதல் காசு கொடுக்கக் காரணம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கிய பிறகு, ஆர்.சி.யில் உள்ள முழு மாடல் பெயரையும் சேஸிஸ் நம்பரையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பர் இருந்தால் கம்பெனியின் பார்ட்ஸ் கேட்டலாக்கில் சரியான பார்ட் நம்பரைப் பிடித்துவிடலாம்.

அந்தத் தம்பி இப்போது அப்படித்தான் வருகிறான். வண்டி கடைக்குள் ஏறியதும் ஹேண்டில் பாருக்குக் கீழே குனிந்து, அழுக்கைத் துணியால் துடைத்து, நம்பரைப் படம் எடுத்துக்கொள்கிறான். கூடவே கழற்றிய பழைய பேடையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, பெயரைச் சொல்வதற்கு முன்பே கவுன்டர் மேல் வைத்துவிடுகிறான்.