குளறுபடி ஓரிடம், காரணம் வேறிடம்: தொழில் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரியின் டேஷ்போர்டு மேல் குவிந்து கிடந்த டெலிவரி ஆர்டர்களை, அதாவது சரக்கு வந்து சேர்ந்ததற்கு வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுத் தரும் டிஓ தாள்களை, எடுத்து எண்ணினேன். 34 இருந்தன. சில வெயிலில் மஞ்சளித்துவிட்டன, ஒன்றிரண்டில் காப்பிக் கறை. ஆனால் எல்லாவற்றிலும் வாடிக்கையாளரின் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் சரியாகவே இருந்தன.

அது மளிகைச் சரக்கை மொத்தமாக விநியோகிக்கும் சிறு நிறுவனம். மூன்று மாதமாகப் பணம் சரியாக வரவில்லை என்று முதலாளி தவித்துக்கொண்டிருந்தார். கணக்கு பார்க்கும் பெண் வாடிக்கையாளர்களை விரட்டிக் கேட்பதில்லை, அதுதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டார். அந்தப் பெண்ணோ வாரம் இரண்டு முறை போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுமுனையில் எப்போதும் ஒரே பதில்: "கையெழுத்துப் போட்ட டிஓவை அனுப்புங்க, பார்க்கிறோம்." அந்த டிஓ லாரியில் கிடந்தது.

ஓட்டுநர் கடைசி டெலிவரியை முடித்து உட்லண்ட்ஸ் கிடங்குக்குத் திரும்ப இரவு 7 மணி ஆகிவிடும். அலுவலகத்தை 6 மணிக்கே பூட்டிவிடுவார்கள். விடிவதற்குள் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தைக்கு அவர் மறுபடி வண்டி எடுக்க வேண்டும். காகிதத்தைக் கொடுக்க ஆளும் இல்லை, வைக்க இடமும் இல்லை. கிடங்குக் கதவில் ஒரு தகரப் பெட்டியை மாட்டினோம். மேலே காகிதம் போடும் அளவுக்குத் திறப்பு, கீழே ஒரு பூட்டு. அடுத்த மாதமே பழைய பாக்கி வரத் தொடங்கியது.

கணக்கு பார்த்த பெண் அதற்கப்புறம்தான் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ராஜினாமாக் கடிதத்தை எடுத்து என்னிடம் காட்டினார். தேதி மட்டும் போடாமல் வைத்திருந்தார்.

சிங்கப்பூரில் சிறு நிறுவனங்களின் கணக்கையும் அன்றாட நிர்வாகத்தையும் சீர்செய்து கொடுப்பது என் வேலை. நான் பார்த்தவரை, குளறுபடி தலைகாட்டும் இடத்திலேயே அதன் காரணமும் இருந்தது மிக அபூர்வம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறுகிற இடத்தில்தான் பெரும்பாலும் அது பிறக்கிறது. அந்த இடத்துக்குப் பொறுப்பாளர் என்று யாரும் இருப்பதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆளைக் காரணமாக்குவது

முதல் தவறு இதுதான், அதிக இழப்பைத் தருவதும் இதுதான். யாரையாவது குறை சொல்லத் தோன்றும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த நாற்காலியில் இதற்கு முன் யார் இருந்தார்? அவர் காலத்திலும் இதே தொல்லை இருந்ததா? இருந்தது என்றால், மூன்றாவதாக வருகிறவரும் இதிலேயே மாட்டிக்கொள்வார்.

நம் ஊரில் ஆளை மாற்றுவது லேசான காரியமும் இல்லை. சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 35 விழுக்காட்டுக்கு மேல் வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற அனுமதிகளில் வேலை செய்யும் வெளிநாட்டவரைச் சேர்க்க முடியாது. பழகிய ஒருவரை அனுப்பிவிட்டுப் புதியவரை எடுத்துப் பழக்குவதற்குள் பல மாதம் ஓடிவிடும். அதற்குள் நிஜமான காரணம் இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கும்.

மேலே சொன்ன மளிகை நிறுவனத்தில் இன்னொரு சுமையும் இருந்தது. பணம் வந்த பிறகே வரி கணக்கிடும் ரொக்கக் கணக்குத் திட்டத்தில் சேராத நிறுவனம் பில் போட்டதுமே அந்தக் காலாண்டுக்கான ஜிஎஸ்டியில் (பொருள் சேவை வரியில்) அது சேர்ந்துவிடும், வாடிக்கையாளர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். 2024 ஜனவரி 1 முதல் அந்த வரி 9 விழுக்காடு. வராத பணத்துக்கு முதலாளி கைக்காசிலிருந்து வரி கட்டிக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலெல்லாம் அந்தப் பெண்ணின் தலையில் இறங்கியது.

"ஏன்" என்று கேட்டு ஓய்ந்துபோவது

டொயோட்டாவில் பொறியாளராக இருந்த தாயிச்சி ஓனோ ஐந்து முறை "ஏன்" கேட்கும் வழக்கத்தைப் பரவலாக்கியவர். அவர் சொன்ன உதாரணம் இது. இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? பளு அதிகமாகி ஃப்யூஸ் போனது. ஏன் பளு? பேரிங்கில் எண்ணெய்ப் பசை போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போய்விட்டது. ஃப்யூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில நாளில் மறுபடி போயிருக்கும்.

இந்த உதாரணத்தை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஒவ்வொரு "ஏன்"-க்கும் ஒருவர் எழுந்துபோய்க் கவரைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஐந்து முறை கேட்டால் ஐந்து ஊகம்தான் கிடைக்கும்.

நம்மிடம் வேறொரு சிக்கலும் உண்டு. தமிழில் பெரியவர் ஒருவர் "ஏன்?" என்று கேட்டால் அது திட்டுவதுபோலத்தான் காதில் விழும். "ஏன் இப்படிப் பண்ணுனே?" என்றால் யாரும் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள், மன்னிப்புத்தான் கேட்பார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனோடு ஊரிலிருந்து வந்தவர், முதலாளி நினைத்தால் தன் வொர்க் பெர்மிட்டை ரத்து செய்துவிட முடியும் என்பதையும் அறிந்தவர், வேறு என்ன செய்வார்?

இதை நான் கற்றுக்கொண்டது கட்டுமான ஊழியர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ஒரு சமையற்கூடத்தில். அங்கே நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு உலை கொதிக்கும். 3 மணிக்குப் பொட்டலம் கட்டத் தொடங்கி, 5 மணிக்குள் விடுதிகளுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தினமும் ஏதாவது ஒரு விடுதிக்குப் பத்துப் பதினைந்து பொட்டலம் குறையும், இன்னொன்றுக்கு மிஞ்சும். "பசங்களுக்கு எண்ணத் தெரியல" என்றார் முதலாளி. பொட்டலம் கட்டும் மூத்த ஊழியரிடம் போய், "ஏன்ணே நேத்து 14 குறைஞ்சுது?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். "சாரி சார், இனிமே பாத்துக்கறேன்." அவ்வளவுதான்.

அடுத்த நாள் இரவு 9 மணியிலிருந்தே அங்கே இருந்தேன். மூன்றரைக்கு டீ குடிக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேறு மாதிரி கேட்டேன். "நேத்து ராத்திரி எப்படிண்ணே போச்சு? நீங்க வந்தப்ப போர்டுல என்ன எழுதியிருந்துச்சு? அப்புறம்?" சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். மஞ்சள் தடவிய விரல் பட்டுப் பக்க ஓரமெல்லாம் நிறம் மாறியிருந்தது. எந்த விடுதியில் எந்தக் கிழமை ஆள் கூடும், எந்தச் சூப்பர்வைசர் கடைசி நேரத்தில் மாற்றுவார் என்று எட்டு மாதக் கணக்கு அதில் இருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்து அவராகவே தினமும் பத்துப் பொட்டலம் கூடுதலாகக் கட்டிவைப்பார். முதலாளி வீண் என்று திட்டியது அந்தப் பத்துப் பொட்டலத்தைத்தான். பல நாள் அவருடைய பெயரைக் காப்பாற்றியதும் அதே பத்துப் பொட்டலம்தான்.

ஊழியர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் நோட்டு, சுவரில் ஒட்டிய துண்டுச்சீட்டு, கைப்பேசியில் எடுத்து வைத்த படம், இவற்றை ஒழுங்கீனம் என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள். முறை எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று அவை அப்படியே காட்டிக் கொடுக்கும்.

80களில் இங்கே வளர்ந்தவர்களுக்கு டீமி தேனீ நினைவிருக்கும். 1982இல் உற்பத்தித்திறன் இயக்கத்தின் சின்னமாக வந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானியரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டவற்றில் தரக் கட்டுப்பாட்டு வட்டமும் ஒன்று. வேலையைச் செய்கிறவர்களே கூடி உட்கார்ந்து தங்கள் சிக்கலைப் பேசித் தீர்க்கும் ஏற்பாடு அது. சிறு நிறுவனங்களில் அது மறுபடி வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பெரிய கூட்டமெல்லாம் வேண்டாம், டீ நேரத்தில் 15 நிமிடம் போதும்.

ஒரே காரணம் என்று நிறுத்திவிடுவது

அந்தச் சமையற்கூடத்தில் நடந்தது இது. இரவு 8 மணிக்கு அலுவலக ஊழியர் மறுநாள் எண்ணிக்கையைப் போர்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகு சூப்பர்வைசர்கள் "நாளைக்கு 12 பேர் கூட" என்று விற்பனை ஊழியருக்கு வாட்ஸ்அப் அனுப்புவார்கள். அவர் அதைக் குழுவில் போட்டுவிடுவார். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது புதைந்துபோகும். சுத்தம் கருதிப் பொட்டலம் கட்டுகிறவர்களின் போன் லாக்கரில் இருக்கும். போர்டில் பழைய எண்ணிக்கையே நிற்கும்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் "வாட்ஸ்அப்தான் காரணம்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 8 மணிக்கு மேல் மாற்ற முடியாது என்று விற்பனை ஊழியர் ஏன் சொல்லவில்லை? வாடிக்கையாளரிடம் முடியாது என்றே சொல்லாதவர் என்று எல்லோர் முன்னிலையிலும் முதலாளி அவரைப் பாராட்டி வந்திருக்கிறார். ஒரு கிளை போர்டில், ஒரு கிளை லாக்கரில், இன்னொன்று முதலாளியின் பாராட்டில். ஜப்பானியப் பேராசிரியர் கவோரு இஷிகாவா மீன்முள் வடிவில் காரணங்களை வரையச் சொன்னது இதற்காகத்தான். நடுமுள் ஒன்று, பக்கமுள் பல. முதலாளியின் பெயரையும் ஒரு முள்ளில் எழுதத் துணிவு வேண்டும். அதை அவரிடம் தனியாக, மரியாதையாகச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, எழுதிக்கங்க" என்றார்.

மென்பொருளை முதலில் வாங்குவது

எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் ஆதரிக்கும் உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தில் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கும். நல்ல உதவி, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு. தேக்கா பக்கம் ஒரு கடையில் சரக்கு இருப்பு மென்பொருள் போட்ட பிறகும் இருப்பு ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்தால் ஒரே தேங்காயெண்ணெய் மூன்று பெயரில் பதிவாகியிருந்தது. பின்வாசலில் சரக்கு இறக்குகிறவருக்கு எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கிடைக்காத பெயரை அவர் புதிதாகச் சேர்த்துவிட்டார்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? ஒரே ஒரு ஆர்டரை எடுங்கள். சிக்கலானது வேண்டாம், நேற்று வந்த சாதாரண ஆர்டர் போதும். அது வந்த நொடியிலிருந்து பணம் கைக்கு வரும்வரை யார் யார் கைக்குப் போனது, எங்கே எத்தனை மணி நேரம் சும்மா கிடந்தது என்று கூடவே நடந்துபோய் எழுதுங்கள். மற்றவரிடம் கேட்டு எழுதாதீர்கள், நின்று பாருங்கள். அரை நாள் ஆகும். சும்மா கிடந்த இடங்களை வட்டமிட்டால் மூன்று நான்கு தேறும். அவற்றில் ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

மாற்றுவதற்கு முன் இருந்த நிலையை எழுதி வைக்க மறக்காதீர்கள். ஒரு வாரத்தில் எத்தனை பொட்டலம் குறைந்தது, எத்தனை டிஓ தாமதம் என்று இரண்டு மூன்று எண் போதும். இரண்டு வாரம் சரியாக ஓடிவிட்டால் தீர்ந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. தீபாவளிக்கு முந்திய வாரத்தைத் தாண்டட்டும். ஆர்டர் இரட்டிப்பாகி, இரண்டு பேர் விடுப்பில் போய், லாரி ஒன்று பழுதாகி நிற்கும்போதும் அந்த முறை தாங்கினால் நம்பலாம்.

சமையற்கூடத்தில் இப்போது இரவு பத்தரை மணிக்கு ஒரு பொறுப்பாளர் எல்லாச் சூப்பர்வைசர்களுக்கும் போன் போட்டுவிட்டுப் போர்டில் சிவப்பு மார்க்கரால் எண்ணிக்கையைத் திருத்துகிறார். அதற்கு மேல் வரும் மாற்றம் மறுநாளுக்குத்தான். போன மாதம் நான் போயிருந்தபோது அந்த அண்ணன் அதே நோட்டை எடுத்துக் காட்டினார். விடுதிக் கணக்கு பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே ஊருக்கு அனுப்பிய பணமும், மகள் கல்லூரிக் கட்டணமும் வரிசையாக எழுதியிருந்தன.