டொராண்டோவில் 'ஆல் யூ கேன் ஈட்' சுஷி: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

ஸ்கார்பரோ, மார்க்கம், மிசிசாகா என்று டொராண்டோவைச் சுற்றி எங்கு பார்த்தாலும் இந்த வகை சுஷி உணவகம் ஒன்று இருக்கும். சுஷி என்பது வினிகர் கலந்த சோற்றோடு மீனோ காயோ சேர்த்துச் செய்யும் ஜப்பானிய உணவு. தலைக்கு இவ்வளவு டாலர் என்று ஒரே விலை, வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆனால் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கும் பஃபே இல்லை. மேசையில் உள்ள டேப்லெட்டிலோ காகிதச் சீட்டிலோ நீங்கள் குறித்துக் கொடுக்க, சமையலறையில் அப்போதுதான் செய்து கொண்டுவருவார்கள். எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது உங்கள் கையில் இருப்பதால், ஆர்டர் போடத் தெரிந்தால் நல்ல மீனைத் திருப்தியாகச் சாப்பிடலாம். தெரியாவிட்டால் சோற்றிலும் பொரித்த பண்டத்திலும் வயிறு நிறைந்துவிடும்.

1. மதியமா, இரவா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். மதிய விலை கணிசமாகக் குறைவு. ஆனால் பெரும்பாலான கடைகளில் மதிய மெனுவில் சஷிமி, அதாவது சோறில்லாத பச்சை மீன் துண்டு, இருக்காது. பச்சை மீனுக்காகவே போகிறீர்கள் என்றால் இரவு விலை கொடுப்பதுதான் சரி. டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), தெரியாக்கி (இனிப்புச் சோயா சாஸ் பூசி வாட்டியது), வேகவைத்த பொருள் வைத்துச் சுருட்டிய ரோல் போதும் என்பவர்கள் இரவில் போவது வீண்செலவு. வெள்ளி முதல் ஞாயிறு வரை விலை கூடும். பிள்ளைகளுக்கு வயதை வைத்தோ உயரத்தை வைத்தோ தனி விலை இருக்கும். போகும் முன் கடையின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

2. உட்கார்ந்ததும் விதிகளைப் படியுங்கள்

மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். நேர வரம்பு வழக்கமாக ஒன்றரை மணி முதல் 2 மணி நேரம். கடைசி ஆர்டர் அதற்கு முன்பே முடிந்துவிடும். மிச்சம் வைத்தால் துண்டுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். மேலிருக்கும் மீனை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கினால் அதுவும் மிச்சக் கணக்கில்தான் வரும். மீந்ததைக் கட்டிக் கொடுக்க மாட்டார்கள். விலை உயர்ந்த சில வகைகள் 'ஒருவருக்கு ஒன்று' என்ற வரம்போடு இருக்கும். அவற்றை முதல் சுற்றிலேயே கேட்டுவிடலாம்.

3. எண்ணைக் கவனித்துப் போடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நிகிரி என்பது ஒரு பிடி சோற்றின் மேல் ஒரு மீன் துண்டு. அதற்கு '1' என்று போட்டால் பெரும்பாலும் ஒரு துண்டு வரும். மாகி என்பது கடற்பாசித் தாளில் சுருட்டிய ரோல். அதற்கு '1' என்றால் முழு ரோல், 6 முதல் 8 துண்டுகள். வீட்டில் 4 பேர் என்று கலிஃபோர்னியா ரோலுக்கு 4 போட்டால் மேசை நிறைய முப்பது துண்டு வந்து நிற்கும். சஷிமியின் '1' கடைக்குக் கடை மாறும். சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் மூன்று. சந்தேகமாக இருந்தால் பரிமாறுபவரிடம் கேளுங்கள்.

சோற்றின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நிகிரியில் ஏறக்குறைய 15–20 கிராம் சோறு. ஒரு பெரிய ரோலில் 120 கிராமுக்கு மேல். வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து அழுத்தி உருட்டிய சோறு என்பதால் பார்ப்பதற்குக் குறைவாகத் தெரியும். தனி ஒருவர் இரண்டு ரோல் முடித்தால் பாதி வயிறு போய்விட்டது.

4. முதல் சுற்று

இரண்டு பேருக்கு இரவு உணவென்றால் இப்படித் தொடங்கலாம்:

- சால்மன் சஷிமி 6 துண்டு, டூனா சஷிமி 4 துண்டு
- நிகிரி 4, இரண்டு வகையில்
- ரோல் ஒன்றே ஒன்று
- மிசோ சூப் (புளித்த சோயா விழுதில் செய்த சூப்) இரண்டு

சூடான பண்டங்களை முதல் சுற்றில் போடாதீர்கள். பொரிப்பதும் வாட்டுவதும் ஓர் அடுப்படி. சுஷி பிடிப்பது வேறொரு மேடை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் டெம்புராவும் நூடுல்ஸும் முந்தி வந்துவிடும், மீன் பிந்தி வரும். பசி வேகத்தில் பொரித்ததையே தின்று முடித்திருப்பீர்கள். கூட்டமான இரவில் சுஷி வர 20 நிமிடம்கூட ஆகலாம். அதனால் தட்டு பாதி காலியானதும் அடுத்த சுற்றைக் கொடுங்கள். முழுவதும் காலியாகும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

வந்த மீனைப் பாருங்கள். ஈரப் பளபளப்பும் குளிர்ச்சியும் இருக்க வேண்டும். ஓரம் காய்ந்து கறுத்திருந்தாலும், மூக்கில் ஏறும் மீன் வாடை அடித்தாலும், நடுவில் ஐஸ் கடிபட்டாலும் திருப்பிக் கொடுங்கள். அதற்குத் தயங்கவே வேண்டாம்.

5. சாப்பிடும் முறை

வெள்ளை மீன், டூனா, சால்மன், கடைசியில் இனிப்புச் சாறு பூசி வாட்டிய விலாங்கு என்று மென்சுவையிலிருந்து வன்சுவைக்குப் போங்கள். விலாங்கு மீனும் நிகிரியில் வழக்கமாக வரும் இறாலும் வெந்தவை. பச்சை மீனுக்குப் பழகாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். நிகிரியைக் கையால் எடுக்கலாம், அது ஜப்பானிய முறைதான். கவிழ்த்து, மீன் பக்கத்தைச் சோயா சாஸில் லேசாகத் தொட்டு, ஒரே வாயில் போடுங்கள். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் சாஸை உறிஞ்சி உதிர்ந்துவிடும், உப்பும் தூக்கலாகிவிடும். ஊறுகாய் இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே நாக்கைத் துலக்க. பச்சை நிற வசாபி இங்கெல்லாம் பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் என்ற கார வேர், கடுகு, நிறமி கலந்த பசைதான். மிளகாய்க் காரம்போல நாக்கில் நிற்காது, மூக்கில் ஏறும். நம் காரத்துக்குப் பழகியவர்களும் மிளகளவு எடுத்தால் போதும்.

சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டு வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் ஜப்பானில் இறுதிச் சடங்கோடு சேர்ந்தவை. இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

6. 'ஒயிட் டூனா' பற்றி

பால்வெள்ளை நிறம், வெண்ணெய்போல் கரையும். இதைச் சாப்பிட்டவர்கள் மறுபடி கேட்பார்கள். ஆனால் ஒயிட் டூனா, பட்டர் ஃபிஷ் என்ற பெயர்களில் வருவது பல கடைகளில் எஸ்கோலார் என்ற வேறொரு மீன். அதன் கொழுப்பு மெழுகு வகை; நம் குடலால் செரிக்க முடியாது. அளவு மீறினால் சில மணி நேரத்திலோ மறுநாளோ எண்ணெயாகப் பேதி போகும். ஜப்பானில் இதை விற்கவே தடை. ஆளுக்கு இரண்டு துண்டோடு நிறுத்துங்கள்; பிள்ளைகளுக்கும் வயிறு நொய்ந்தவர்களுக்கும் வேண்டாம். கர்ப்பிணிகள் எந்தப் பச்சை மீனும் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

7. சைவக்காரர்கள் வந்தால்

வெள்ளரி ரோல், அவகாடோ ரோல், உப்புப் போட்டு அவித்த எடமாமே (பச்சைச் சோயா காய்) ஆகியவை பொதுவாகச் சிக்கலில்லாதவை. மிசோ சூப்பில் மீன் தெரியாவிட்டாலும் அதன் அடிச்சாறு வழக்கமாக உலர்ந்த மீன் சீவலில் எடுத்தது. இனிப்பு டோஃபு பையில் சோறு அடைத்த இனாரியும், டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறும் அப்படித்தான். காய்கறி டெம்புரா இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரிந்திருக்கலாம். ரோலின் மேல் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் மணிகள் மீன் முட்டை. 'நண்டு' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மீன் விழுதில் செய்த குச்சி. சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதையும் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

8. கடைசிச் சுற்றும் பில்லும்

இறுதி ஆர்டரில் ஒருவருக்கு இரண்டு மூன்று துண்டுக்கு மேல் போடாதீர்கள். வயிறு நிறைந்த செய்தி தாமதமாகத்தான் மூளைக்குப் போய்ச் சேரும். மிச்சக் கட்டணம் விழுவது அநேகமாக இந்தச் சுற்றில்தான். மாம்பழ ஐஸ்கிரீம், பச்சைத் தேநீர் ஐஸ்கிரீம் போன்றவை பெரும்பாலும் விலைக்குள் அடங்கும். குளிர்பானம் தனிக்காசு.

மெனுவில் இருப்பது வரிக்கு முந்தைய விலை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அதன்மேல் 13 சதவீத ஹெச்எஸ்டி என்ற விற்பனை வரி, அதற்குமேல் டிப் 15 சதவீதம் அளவில் வைப்பது வழக்கம். ஆக 35 டாலர் என்று எழுதியிருந்தால் ஆளுக்குச் சுமார் 45 டாலர் எடுத்து வையுங்கள். கூட்டமாகப் போனால் டிப்பைக் கடையே பில்லில் சேர்த்திருக்கக்கூடும். கார்டு இயந்திரத்தில் சதவீதத்தை அழுத்தும் முன் பில்லின் கடைசி வரிகளைப் படித்துவிடுங்கள்.