கொழும்புக் கரையில் மூட்டமான மாலை: படம் எடுப்பதும் திருத்துவதும்

கொழும்பில் கடல்மேல் உண்மையான மூடுபனி இறங்குவது அரிது. மாலையில் கண்ணுக்குத் தெரியும் வெண்மூட்டம் பெரும்பாலும் அலை உடையும்போது கிளம்பும் உப்புத் தூவானம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலைக் குழப்புகிற நாட்களில் அது கரையோரம் நெடுகத் தொங்கி நிற்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை விட்டபின் எழும் ஈரப் புகார் இன்னொரு வகை. வாடைக்காற்றுக் காலத்தில் தரைப்பக்கமிருந்து வரும் தூசிப் புகார் மூன்றாவது வகை. படத்துக்கு முதலாவதுதான் சிறந்தது, அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால்: அலை உடையும் பட்டைக்கு மேலே, கரையோடு நீளமாக.

எந்தப் பக்கம் பார்த்து எடுப்பது என்பதை அதுவே தீர்மானித்துவிடுகிறது. கடலை நேரே பார்த்து நின்றால் அந்தப் பட்டையின் குறுக்கே பார்க்கிறீர்கள். இடையில் இருக்கும் தூவானம் சொற்பம். கரையோடு பார்த்தால் பல கிலோமீற்றர் தூவானத்தின் ஊடாகப் பார்க்கிறீர்கள். சூரியனை நடுவில் வைத்து எடுத்த படத்தில் மூட்டமே தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். கமராவை வடக்கே அல்லது தெற்கே திருப்புங்கள், சூரியன் படச் சட்டத்தின் ஓரத்திலோ வெளியிலோ இருக்கட்டும்.

சிறு துளிகள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கும். ஆகவே சூரியனை முதுகுக்குப் பின்னே விட்டால் மூட்டம் சாம்பலாகிச் செத்துப்போகும். முன்பக்கவாட்டில் இருந்தால் அதுவே ஒளிரும். சூரியன் இறங்கும் இடம் ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டிருக்கிறது. ஜூனில் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே இறங்கும், டிசெம்பரில் அதே அளவு தெற்கே. எனவே ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை கல்கிசையில் நின்று வடக்கே, தெஹிவளை, வெள்ளவத்தை, அதற்கப்பால் நகரத்து மாடிகள் என்று பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளவத்தையில் நின்று தெற்கே, மவுண்ட் லவினியா ஹோட்டல் நிற்கும் மேட்டுமுனையைப் பாருங்கள். காலிமுகத்திடல் நடைபாதைக்கு உயரமும் இடவசதியும் உண்டு, ஆனால் சனக்கூட்டமும் மின்விளக்குகளும் சட்டத்துக்குள் புகுந்துவிடும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலுக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே இரட்டைத் தண்டவாளம் ஓடுகிறது. அலைச் சத்தத்தில் ரயிலின் ஹோர்ன் கேட்காமல் போகும். இரு பக்கமிருந்தும் ரயில் வரும். தண்டவாளத்தில் முக்காலியை ஊன்றாதீர்கள். அணைக்கற்களில் பாசி பிடித்த கரும்பச்சைப் பகுதியிலும் கால் வைக்காதீர்கள்.

சூரிய அஸ்தமனம் நவம்பர் நடுப்பகுதியில் மாலை 5.50 அளவிலும் ஜூலையில் 6.30 அளவிலும் நிகழும். ஒரு மணித்தியாலம் முன்பே போய்விடுங்கள். இந்த அகலாங்கில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக விழுவதால், அதன் தட்டு கடலைத் தொட்டு முழுதாய் மறைய இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடத்தான் எடுக்கும். அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மறைந்தபின் சுமார் 20 நிமிடம் மெல்லொளி இருக்கும். அதன் முதற்பாதியில் மூட்டம் செம்மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் மாறும். பலர் வீட்டுக்குத் திரும்புகிற அந்த வேளைதான் மிக நல்ல வேளை.

இனிச் சட்டம். மூட்டம் நுணுக்கங்களை அழித்துவிடும். மிஞ்சுவது வடிவமும் தொனியும் மட்டும். அருகே கறுப்பாக ஒன்று, நடுவே சாம்பலாக ஒன்று, தொலைவில் வானோடு கரையும் ஒன்று என்று குறைந்தது மூன்று படிகள் வேண்டும். அருகிலுள்ளது தெளிந்த வெளிக்கோடு கொண்டதாக இருக்கட்டும்: கரையேற்றிய படகு, தனிப் பாறை, சாய்ந்த தென்னை. அது பின்னால் உள்ள கரைக்கோட்டோடு ஒட்டினால் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும்; ஒரு அடி இடமோ வலமோ நகர்ந்தால் இடைவெளி கிடைக்கும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், படிகள் எண்ணக்கூடியதாக இருந்தால் சட்டம் சரி.

அகன்ற லென்ஸ் மூட்டத்துக்கு உதவாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 16 மி.மீ. லென்ஸில் தொலைவு நகம் அளவுக்குச் சுருங்கிவிடும். 70 முதல் 200 மி.மீ. வரை பாவியுங்கள், படிகள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். ஈரமணலின் பிரதிபலிப்பே முக்கியம் என்றால் மட்டும் 24 மி.மீ.க்கு இறங்கி, முக்காலியை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்துங்கள். மற்றபடி உயரத்தில் நில்லுங்கள். தாழ நின்றால் அருகிலுள்ள பொருள் பின்னுள்ள படிகளை மறைக்கும். தொடுவானம் மூட்டத்தில் தொலைந்த நாட்களில் சரிவாக ஓடும் கரைக்கோடு கண்ணை ஏமாற்றும். கமராவின் மட்டக்கோட்டைத் திரையில் போட்டுவிட்டு அதை நம்புங்கள்.

அமைப்புகள்: ரோ கோப்பு (கமரா பதிந்த முழுத் தரவு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 முதல் 11 வரை (எண் கூடினால் துளை சிறுக்கும்). எஃப் 16க்கு மேல் போனால் ஒளி விளிம்பு வளைவால் படம் மென்மையாகும், சென்சாரில் உள்ள தூசியும் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெண்சமநிலையை (படத்தின் நிறச்சாய்வைத் தீர்மானிக்கும் அமைப்பை) தானியங்கியில் விடாதீர்கள், அது செம்மஞ்சளைக் கழுவிவிடும். 5200 கெல்வினில் பூட்டுங்கள். ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவைக் காட்டும் வரைபடத்தில்) மூன்று நிறங்களையும் தனித்தனியே பாருங்கள். அஸ்தமனத்தில் முதலில் வெடிப்பது, அதாவது அளவு மீறி விவரம் இழப்பது, சிவப்பு. மொத்த ஒளியைக் காட்டும் வெள்ளைக் கோடு மட்டும் பார்த்தால் எல்லாம் சரி போலத் தெரியும், வீட்டில் திறந்தால் சூரியனைச் சுற்றி தட்டையான மஞ்சள் வளையம் இருக்கும். சிவப்பு வலது சுவரைத் தொடாமல் விலகும் வரை ஒளியைக் குறையுங்கள்.

மூட்டத்தில் தானியங்கிக் குவியம் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் அலையும். படகின் விளிம்பில் அல்லது பாறை ஓரத்தில் குவித்துவிட்டு, கைமுறைக்கு மாற்றி அப்படியே விடுங்கள். முழுச்சட்டக் கமராவில் 24 மி.மீ., எஃப் 11 என்றால் 2 மீற்றரில் குவித்தால் ஏறத்தாழ ஒரு மீற்றரிலிருந்து முடிவிலி வரை கூர்மையாக இருக்கும். நீளமான லென்ஸை சூரியன் பக்கம் திருப்பும்போது கண்ணாடிக் காட்சித்துளை வழியாகப் பார்க்க வேண்டாம், திரையைப் பாருங்கள்.

ஷட்டர் வேகம் தண்ணீரின் குணத்தை மாற்றும். 1/500 செக்கனில் தூவானத் துளிகள் உறையும். 1/4 முதல் 1/2 செக்கன் வரை, அலை திரும்பி இழுபடும்போது எடுத்தால், மணலில் வெள்ளைக் கோடுகள் விழும். 6 ஸ்டொப் என்டி பில்டர் (ஒளியை ஆறு தரம் பாதியாக்கும் கறுப்புக் கண்ணாடி) 1/2 செக்கனை ஏறத்தாழ 30 செக்கனாக்கும். பாறையைச் சுற்றி அலையே புகையாகிவிடும். காற்றில்லாத, தூவானம் குறைந்த நாட்களில் இது நல்ல மாற்றுவழி, ஆனால் தென்னை ஓலையும் நங்கூரமிட்ட படகும் கலங்கிவிடும். ஈரமணலில் முக்காலிக் கால்கள் ஒவ்வொரு அலைக்கும் சற்று அமிழும். முதலிலேயே அழுத்தி ஊன்றி, இரண்டு மூன்று அலை போகவிட்டு, பிறகு எடுங்கள்.

லென்ஸ் கண்ணாடிதான் இங்கே ஓயாத தலையிடி. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் அது வியர்த்துப்போகும். பையை மூடியபடியே 20, 30 நிமிடம் வெளியில் வைத்தால் தப்பலாம். உப்புத் தூவானம் படிந்த கண்ணாடியில் சூரிய ஒளி பட்டால் படம் முழுக்க வெளிறிய கறை பரவும், பார்க்க மூட்டம் மாதிரியே இருக்கும், ஆனால் படிகளைத் தின்றுவிடும். முதலில் ஊதுங்கள், பின் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணி, கடைசியாக உலர்ந்த மைக்ரோபைபர். உலர்ந்த உப்பைத் தேய்த்தால் கீறல் விழும்.

கைபேசி என்றால் அகல லென்ஸை விட்டுப் பிரதான லென்ஸிலோ டெலியிலோ எடுங்கள். பிரகாசமான முகிலில் அழுத்திப் பூட்டி, ஒளியைக் கீழே இழுங்கள். எச்டிஆர் (பல ஒளியளவில் எடுத்ததை ஒன்றாக்கும் வசதி) தொனிகளைச் சமப்படுத்திவிடும்; நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

திருத்தம் செய்யும்போது லைட்ரூம் என்ற திருத்த மென்பொருளில் உள்ள, மூட்டத்தை நீக்கும் டிஹேஸ் நகர்த்தியை முழுப் படத்துக்கும் இழுப்பதுதான் பெரும் பிழை. எதைத் தேடிப் போனோமோ அதையே அழிக்கிறது அது. வரிசை இப்படி இருக்கட்டும்: தொடுவானத்தை நேராக்கி, வெட்டி, பின் வெண்சமநிலை, பின் ஹைலைட்ஸ் (பிரகாசமான பகுதிகள்) -40 முதல் -60. அதன்பின் முன்னணிக்கு, அதாவது அருகிலுள்ள பகுதிக்கு, மட்டும் ஒரு மாஸ்க் (திருத்தத்தை ஒரு பகுதிக்குள் அடக்கும் தெரிவு) போட்டு டிஹேஸ் +10, கறுப்பைச் சற்று ஆழமாக்குங்கள். தொலைவுக்கு இன்னொரு மாஸ்க், அதில் கிளாரிட்டி (விளிம்புத் தெளிவு) -15, டிஹேஸ் -10. கூர்மையாக்கல் முன்னணிக்கு மட்டும். சச்சுரேஷனை (எல்லா நிறங்களின் செறிவையும்) இழுத்தால் சிவப்பு மறுபடி வெடிக்கும். மங்கலான நிறங்களை மட்டும் கூடுதலாகத் தூக்கும் வைப்ரன்ஸ் +10 போதும். நிழல்களில் கொஞ்சம் நீலம் சேர்த்தால் செம்மஞ்சள் தானாகவே எடுபடும். இடையில் ஒருதரம் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். படிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் நிறத்தைக் கூட்டிப் பயனில்லை, மாஸ்குகளுக்குத் திரும்பிப் போய் ஒளியைச் சரிசெய்யுங்கள்.

மெல்ல மாறும் வானத்தில் படிக்கட்டு மாதிரி பட்டைகள் விழுந்தால், ஜேபெக்கை மறுபடி மறுபடி திருத்தியிருப்பீர்கள். ரோவிலிருந்து 16 பிட்டில் தொடங்குங்கள். கடைசியில் கிரெயின் (நுண்புள்ளிகள்) 10 அளவில் சேர்த்தால் மிஞ்சிய பட்டையும் உடையும். வெளியே எடுக்கும்போது எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற வரம்பு), நீளப்பக்கம் 2048 பிக்சல், தரம் 85க்குக் குறையாமல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அழுத்தி மூட்டத்தைக் கட்டம் கட்டமாக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அச்சிடுவதானால் பளபளப்பில்லாத தாளில், திரையில் சரியாகத் தெரிவதை விட அரை ஸ்டொப் வெளிச்சம் கூட்டி, முதலில் சிறிய அளவில் ஒன்று அடித்துப் பாருங்கள்.