தண்ணீர்மலைக் குரங்குகளும் என் சமையலறை ஜன்னலும்

பினாங்கில் பிப்ரவரி வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தினால் வீடு வெந்துபோகும். திறந்தால் குரங்கு வரும். 1884-இல் உருவான தாவரவியல் பூங்காவும் அதை ஒட்டிய காடும் பக்கத்திலேயே இருப்பதால், தண்ணீர்மலை வட்டாரத்தில் இது தீராத தொல்லை.

வருபவை நீள்வால் குரங்குகள். கவண்கல்லால் அடிக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. 2022-இல் அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட உயிர் அது.

நைலான் கொசுவலையை அவை நகத்தாலேயே கிழித்துவிடும். அதனால் விரல் நுழைந்தாலும் கை நுழையாத கம்பி வலையை மரச்சட்டத்தில் அடித்து, அவசரத்துக்குத் திறக்கும்படி கீலும் உட்புறம் கொக்கியும் வைத்தேன். மறுநாளே ஒரு பெரிய ஆண் குரங்கு வந்தது. கன்னப்பை புடைத்திருக்க, கறுத்த விரல்களால் ஒவ்வொரு திருகாணியையும் தடவி, மூலையைப் பிடித்து உலுக்கியது. சட்டம் அசையவில்லை. அதன் கண்ணை நேராகப் பார்க்காமல் நான் பின்வாங்கினேன்; நேராகப் பார்த்தால் அதைச் சண்டைக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளும்.

குப்பைத்தொட்டி மூடியை ரப்பர் வாரால் இறுக்கிவிட்டேன்.

கடினமானது பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசியதுதான். “அனுமார் பசியோடு வந்தால் எப்படித் தம்பி விரட்டுவது?” என்று தினமும் மதிலில் பழம் வைப்பார். பள்ளிப் பிள்ளைகளின் கையிலிருந்த பையைக் குரங்குகள் பறிப்பதைக் காட்டினேன். இப்போது அந்த வாழைச்சீப்பு கோயில் அர்ச்சனைத் தட்டுக்குப் போகிறது. குரங்குகள் எங்கள் கூரையைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போய்விடுகின்றன. ஜன்னல் நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது.