பைப் கழுவின தண்ணிக்கு பியூபி பர்மிஷன் – என் அனுபவம்

சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு ஃபேக்டரில ஏசிக்கு குளிர்ந்த தண்ணி ஓடுற புது பைப் லைன் (chilled water) போட்டு கெமிக்கல் போட்டு கழுவினோம், அந்த தண்ணி முழுக்க டேங்க்ல நிக்குது, எங்க விடுறதுன்னு எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பாக்குறாங்க. வெளில இருக்குற மழைத்தண்ணி வாய்க்கால்ல விடவே கூடாது, அது வேற லைன். கழிவுநீர் லைன்லதான் விடணும், அதுக்கும் முன்னாடியே பியூபி (PUB, சிங்கப்பூரோட தண்ணி வாரியம்) கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும், கொஞ்ச நாளைக்குத்தானேன்னு விட முடியாது.

முதல்ல சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்க. பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) 6லருந்து 9க்குள்ள, சூடு 45 டிகிரிக்கு மேல போகக்கூடாது, கரையாம தண்ணில கலந்து நிக்குற திடப்பொருள் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குள்ள, சிஓடி (தண்ணில இருக்குற அழுக்கு சிதைய எவ்ளோ ஆக்சிஜன் வேணும்னு காட்டுற அளவு) லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். எங்களுக்கு துரு கலந்து திடப்பொருள் எகிறிருச்சு, பிஎச்சும் கூட. எங்க சூப்பர்வைசர் அண்ணன் "குழாய்த் தண்ணிய கலந்து விட்டுரலாம்டா"ன்னாரு. அண்ணே, சட்டத்துலயே அதுக்குத் தடை இருக்குன்னு சொல்லி நிறுத்தினேன். ரெண்டு நாள் அப்படியே தெளிய விட்டு, மேல் தண்ணிய ஃபில்டர் பண்ணி, ஆசிட் கொஞ்சம் கொஞ்சமா விட்டு பிஎச்சை இறக்கினோம். அடியில நின்ன சேறை லைசென்ஸ் உள்ள கழிவு லாரிக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு.

திரும்ப டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட், தண்ணி எவ்ளோ, எந்த மேன்ஹோல், என்னைக்கு, எவ்ளோ வேகத்துல விடுவோம், என்னென்ன கெமிக்கல் போட்டோம் எல்லாம் சேர்த்து மனு போட்டேன். கெமிக்கலோட சேஃப்டி ஷீட்டையும் கூடவே வெச்சிருங்க, கேள்வி குறையும். அனுமதி வந்ததும் பம்ப்பை மெதுவா வெச்சு, நடுநடுவுல பிஎச் பாத்து நோட்டுல எழுதிக்கிட்டே விட்டோம்.