புழுக்கத்தை வரைவது எப்படி? ஆயில் பேஸ்டலில் முதல் அரூப ஓவியம்

வைகாசிக் கடைசியில் பாளையங்கோட்டையில் யாரிடம் கேட்டாலும் "ஒரே புழுக்கம்" என்பார்கள். மனசு சரியில்லாத அன்றும் அதே சொல்லைத்தான் எடுக்கிறோம், மனப்புழுக்கம் என்று. வெளி வெக்கைக்கும் உள்ளே இருக்கும் தவிப்புக்கும் தமிழில் ஒரே பெயர். நிலத்தைச் சொல்லி உணர்வைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. சங்கப் பாட்டில் பாலை என்றால் பிரிவு, முல்லை என்றால் காத்திருப்பு, நெய்தல் என்றால் இரங்கல். அரூப ஓவியமும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆளையும் மரத்தையும் எடுத்துவிட்டு, நிறத்தையும் கோட்டையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. அதனால் முதல் படத்துக்குப் புழுக்கத்தையே எடுத்துக்கொள்வோம்.

என்னென்ன வேண்டும்

25 ஷேட் உள்ள ஆயில் பேஸ்டல் பெட்டி ஒன்று. 12 ஷேட் பெட்டியிலும் தொடங்கலாம், ஆனால் சாம்பல் நிறமும் காவி நிறமும் பெரும்பாலும் இருக்காது. இந்தப் படத்துக்கு அவை இரண்டுமே தேவை. வாங்கும்போது பெட்டியில் 'ஆயில் பேஸ்டல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மெழுகு கிரேயான் ஒன்றோடொன்று கலக்காது, வழுக்கும். ஆயில் பேஸ்டலில் நிறப்பொடியோடு மெழுகும் காயாத எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன. 1925-ல் ஜப்பானின் சகுரா நிறுவனம் இதைக் கொண்டுவந்தது.

தாள் 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), கொஞ்சம் சொரசொரப்பாக. பள்ளி டிராயிங் நோட்டுத் தாள் மெலிது, இரண்டாவது பூச்சிலேயே நார் கிளம்பிவிடும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி 15 × 21 செ.மீ. அளவில் தொடங்குங்கள். முழுத் தாளையும் அழுத்தி நிரப்பப் பார்த்தால் பாதியிலேயே கை ஓய்ந்துவிடும், குச்சியும் தீர்ந்துவிடும்.

இவற்றோடு ஒரு பரீட்சை அட்டை, மாஸ்கிங் டேப், பழைய பருத்தித் துணி, டிஷ்யூ, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு இரண்டு. தாளை அட்டையில் வைத்து நான்கு ஓரத்திலும் 1 செ.மீ. உள்ளே வரும்படி டேப் ஒட்டுங்கள். ஒட்டுமுன் டேப்பை ஒருமுறை துணியில் ஒட்டி எடுத்தால் பசை குறையும்; கடைசியில் உரிக்கும்போது தாள் கிழியாது.

முதலில் கறுப்பு மட்டும்

கறுப்புக் குச்சியின் காகித உறையை உரித்து, 3 செ.மீ. துண்டாக உடையுங்கள். புதுக் குச்சியை உடைக்க மனசு வராது, தெரியும். ஆனால் உடைத்த துண்டைப் படுக்கவைத்து இழுத்தால்தான் அகலமான பட்டை கிடைக்கும்.

வேறொரு தாளை எட்டுக் கட்டமாக மடியுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் உணர்வு: கோபம், சலிப்பு, பயம், நிம்மதி, பொறாமை, ஏக்கம், குதூகலம், புழுக்கம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். இதயம், கண்ணீர்த் துளி, முகம் எதுவும் கூடாது. கோடும் பட்டையும் மட்டும்.

முடித்துப் பார்த்தால் எட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். கை எல்லாவற்றிலும் ஒரே அழுத்தத்தில் ஓடியிருப்பதுதான் காரணம். இப்போது அழுத்தத்தை மூன்றாகப் பிரித்துப் பழகுங்கள். தொட்டும் தொடாமலும் இழுத்தால் தாளின் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், கோடு மூச்சுவிடும். நடு அழுத்தத்தில் நிறம் தெரியும், தாளும் கொஞ்சம் தெரியும். முழு அழுத்தத்தில் தாளே மறைந்து நிறம் கனக்கும். உணர்வின் பாதி இந்த அழுத்தத்திலேயே வந்துவிடும். நிறம் அதற்கு அப்புறம்தான்.

நிறம் தேர்வு

'சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம்' என்ற அட்டவணை இணையத்தில் நிறையக் கிடைக்கும். அதைப் பார்த்து வரையாதீர்கள். பொதிகைப் பக்கம் கருநீலமாக மேகம் திரளும்போது இங்கே யாருக்குச் சோகம் வருகிறது? குற்றாலத்தில் சாரல் தொடங்கப் போகிறது என்று மனசு குளிர்கிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டின் சிவப்பு, மணலில் படிந்த இரும்பு ஆக்சைடு தரும் நிறம். நடுப்பகலில் அதில் நடந்தவருக்கு அந்தச் சிவப்பு கோபத்தைவிட, நாக்கு வறள்வதைத்தான் நினைவூட்டும். உங்கள் கண்ணும் உடம்பும் பார்த்த நிறத்தை எடுங்கள்.

இந்தப் படத்துக்கு காவி மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி, கருநீலம், சாம்பல், வெள்ளை. ஆறு போதும். பெட்டியை மூடித் தள்ளி வையுங்கள். திறந்திருந்தால் ஏழாவது நிறத்துக்குக் கை போகும்.

பங்கு முக்கியம். ஆரஞ்சு, செங்காவிக் கூட்டம் படத்தில் முக்கால் பங்கு. கருநீலம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. எல்லா நிறத்துக்கும் சம இடம் கொடுத்தால் பத்தமடைப் பாயின் பட்டைபோல ஒழுங்காக வரும். பாய்க்கு அது அழகு, புழுக்கத்துக்கு ஒத்துவராது.

வரைதல்

தாளை நெட்டுவாக்கில் வையுங்கள். காவி மஞ்சள் துண்டைப் படுக்கவைத்து முழுத் தாளிலும் லேசாக ஒரு பூச்சு. இடது மேல் மூலையில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, அதே மஞ்சளை நன்றாக அழுத்திப் பூசுங்கள். ஏன் என்பது பின்னால் தெரியும்.

அடுத்து ஆரஞ்சு. கீழிருந்து மேலாக, சின்னச் சின்னச் சுழிகளாக, இடைவெளியில்லாமல் முழு அழுத்தத்தில். மேல் மூலையை விட்டுவிடுங்கள். அதன்மேல் அங்கங்கே செங்காவி. சுழிகள் ஒன்றையொன்று நெருக்க வேண்டும். காற்று நுழைய இடமில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றுவது இந்த நெருக்கத்தால்தான்.

இப்போது வெள்ளை. படத்தின் நடுவில் ஆரஞ்சின் மேலேயே அழுத்தித் தேயுங்கள். நிறம் பால்போல் வெளிறி, கானல் அடிக்கிற மாதிரி ஒரு கூச்சம் வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு வெள்ளைக் குச்சியின் நுனியைத் துணியில் துடைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது இழுப்பில் அது வெள்ளையாக இருக்காது.

பிறகு மூலைக்கு வாருங்கள். அழுத்திப் பூசிய மஞ்சள்மேல் சாம்பல், அதன்மேல் கருநீலம், சாய்வான கோடுகளாக. ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் நடுவே அரை செ.மீ. விடுங்கள். எதிரெதிர் நிறங்களான இரண்டும் கலந்தால் சேறாகிவிடும். விளிம்பு நேர்கோடாகவும் இருக்கக்கூடாது; நேர்கோடு வந்தால் அது அடிவானமாகி, பார்ப்பவர் "மலையா இது?" என்று கேட்பார். படம் இயற்கைக்காட்சியாக மாறிவிடும்.

கடைசியாக ஈர்க்கு. கருநீலத்தில் ஐந்தாறு சாய்ந்த கீறல் போடுங்கள். அடியில் இருக்கும் மஞ்சள் பளிச்சென்று வெளியே வரும். அடிப்பூச்சு கனமாக இல்லாவிட்டால் வெறும் தாள்தான் தெரியும். முன்பே அழுத்தச் சொன்னது இதற்காகத்தான். கீறும்போது சுருள் சுருளாக உதிர்வதைக் கையால் தட்டாதீர்கள், ஆரஞ்சில் நீலம் இழுபடும். அட்டையைச் சாய்த்து உதறுங்கள்.

அட்டையைத் தார்சாவின் (முன்கூடத்தின்) சுவரில் சாய்த்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். கண் எங்காவது சிக்கி நிற்கிறதா? அங்கே ஒரு தொடுகை போதும்.

எங்கே கெடும்

மூன்று பூச்சுக்கு மேல் போனால் தாளின் சொரசொரப்பு அடைந்து குச்சி வழுக்கும். இன்னும் அழுத்துவதால் பயனில்லை. ஸ்கேலின் ஓரத்தால் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசுங்கள். சேறான இடத்துக்கும் இதே வைத்தியம்.

நிறத்தைக் கலக்கச் சிலர் தேங்காயெண்ணெய் தொடுவார்கள். அது காயாது, சில நாளில் தாளில் ஊறி, வடைச் சட்டியிலிருந்து எடுத்த காகிதம்போல் கறை பரவும். விரல் நுனிச் சூடே கலக்கப் போதும். நிறம் மாறும்போது மட்டும் விரலைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குச்சி கொழகொழத்துவிடும். மூடிய டிபன் டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் பத்து நிமிடம் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் பிறகு உடையும். ஜன்னல் திண்டில் பெட்டியை வைக்கவே வேண்டாம்.

ஆயில் பேஸ்டல் முழுதாகக் காயாது. ஹேர் ஸ்பிரே அடித்தாலும் இறுகாது, பிசுபிசுக்கும். டேப்பைச் சாய்வாக, மெல்ல உரித்து, படத்தின்மேல் பட்டர் பேப்பர் வைத்து, பாரம் ஏற்றாமல் தட்டையாக வையுங்கள். சட்டம் போடுவதானால் கண்ணாடி படத்தில் படாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் பென்சிலில் தேதி, உணர்வின் பெயர், எடுத்த ஆறு நிறம் மூன்றையும் எழுதிவையுங்கள். ஆனியில் சாரல் விழுந்ததும் அதே ஆறு குச்சிகளோடு இன்னொரு தாளில் உட்காருங்கள். அப்போது முக்கால் பங்கு கருநீலத்துக்கு.