உங்கள் குட்டி சமூகத் தளத்தில் வெளி ஆப்களையும் வேலை செய்ய வைப்பது எப்படி?

எங்கள் அப்பார்ட்மெண்ட்காரர்களுக்காக ஒரு சின்ன சமூகத் தளம் எழுதினேன். பதிவு போடலாம், லைக் போடலாம், அவ்வளவுதான். மூன்றாவது வாரமே "ஃபோனுக்கு ஆப் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐஃபோனுக்கு ஒன்று என்று எழுத எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

ஆனால் மாஸ்டடான் என்ற திறமூல சமூகத் தளத்துக்காக எழுதிய டஸ்கி மாதிரி நல்ல ஆப்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை பேசும் ஏபிஐயை (ஆப்பும் தளமும் பேசிக்கொள்ளும் மொழி) நம் தளமும் பேசிவிட்டால் வேலை முடிந்தது. ப்ளெரோமா, கோடூசோஷியல் போன்ற மற்ற சமூகத் தள மென்பொருள்கள் எல்லாம் இதே வழியில்தான் போகின்றன. சொந்த ஏபிஐ வடிவமைக்க உட்காராதீர்கள். அதற்கு ஆப் எழுத ஒருவரும் வரமாட்டார்கள்.

(கீழே வரும் பெயர்களை எல்லாம் தமிழில் எழுதியிருக்கிறேன். புரோகிராம் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

படி 1: ஆப் தன்னைப் பதிந்துகொள்ள ஓர் இடம்

பயனரின் பாஸ்வேர்டை ஆப் கையில் கொடுக்கவே கூடாது. ப்ளம்பர் வந்தால் வீட்டுச் சாவியையா கொடுக்கிறோம்? கேட் பாஸ்தான். ட்விட்டரில்கூட ஒரு காலத்தில் ஆப்கள் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போயின. 2010 ஆகஸ்டில் அந்த வழியை மூடி, ஓஆத் (பாஸ்வேர்டு கொடுக்காமலே ஆப்புக்கு அனுமதி கொடுக்கும் முறை) மட்டும்தான் என்றார்கள். நாமும் ஓஆத் 2.0-வையே எடுத்துக்கொள்வோம்.

டேட்டாபேஸில் இரண்டு டேபிள் போடுங்கள்: ஒன்று ஆப்களுக்கு, ஒன்று டோக்கன்களுக்கு (ஆப்புக்கு நாம் கொடுக்கும் கேட் பாஸ் இதுதான்). 'ஏபிஐ/வி1/ஆப்ஸ்' என்ற முகவரிக்கு ஆப் ஒரு போஸ்ட் கோரிக்கை (தகவலைத் தளத்துக்கு அனுப்பும் வகை) அனுப்பும். அதில் தன் பெயர், திரும்பி வரவேண்டிய முகவரி, என்னென்ன அனுமதி வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். நீங்கள் ஒரு கிளையண்ட் ஐடியும் (அந்த ஆப்பின் அடையாளம்) ஒரு ரகசியச் சொல்லும் உருவாக்கி, சேமித்து, பதிலாக அனுப்புங்கள்.

படி 2: "அனுமதிக்கலாமா?" பக்கம்

அப்புறம் ஆப் பிரவுசரைத் திறந்து, பயனரை 'ஓஆத்/ஆதரைஸ்' பக்கத்துக்கு அனுப்பும். வழக்கமான லாகின், அதன் கீழே "இந்த ஆப் உங்கள் பதிவுகளைப் படிக்கவும் உங்கள் பெயரில் எழுதவும் கேட்கிறது" என்று தெளிவாக எழுதி, இரண்டு பட்டன். 'சரி' என்றால் ஒரு தற்காலிகக் கோடு (ஓடிபி மாதிரி ஒரு ரகசியக் குறியீடு) உருவாக்கி, அதோடு பயனரை ஆப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும். திரும்பும் முகவரி, படி 1-இல் பதிந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். "ஆரம்பம் ஒன்றாக இருந்தால் சரி" என்று நான் முதலில் எழுதியிருந்தேன். 'நம்மஆப்.காம்' என்று பதிந்திருந்தால் 'நம்மஆப்.காம்.திருடன்.நெட்' என்பதும் உள்ளே வந்துவிடும்! கோடு நேராகத் திருடன் கைக்குப் போகும். இன்னொன்று: பல ஃபோன் ஆப்களின் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்காது, தனக்கென ஒரு முன்னொட்டு வைத்திருக்கும். அதைத் தடுத்துவிடாதீர்கள்.

படி 3: கோடைக் கொடுத்து டோக்கன் வாங்குதல்

ஆப் அந்தக் கோடையும் தன் ரகசியச் சொல்லையும் 'ஓஆத்/டோக்கன்' முகவரிக்கு அனுப்பும். சரிபார்த்து டோக்கன் கொடுங்கள். கோடு ஒரு தடவைதான் செல்ல வேண்டும். ஓஆத் விதிமுறை அதிகபட்சம் 10 நிமிட ஆயுளைப் பரிந்துரைக்கிறது. அதே கோடு இரண்டாம் முறை வந்தால் மறுத்துவிட்டு, அதை வைத்துக் கொடுத்த டோக்கனையும் ரத்து செய்துவிடுங்கள். டேட்டாபேஸில் டோக்கனை அப்படியே வைக்காமல் அதன் ஹாஷை (திரும்ப அவிழ்க்க முடியாதபடி மாற்றிய வடிவம்) வையுங்கள்.

படி 4: ஆப் கேட்கும் மற்றவை

இதற்குப் பிறகு ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் (கோரிக்கையின் தலையில் வரும் கூடுதல் தகவல்) 'பேரர்' என்ற சொல்லோடு டோக்கன் வரும். முதலில் நான்கு முகவரி போதும்: தளத்தைப் பற்றிய விவரம், லாகின் செய்தவர் யார், ஹோம் டைம்லைன், புதுப் பதிவு. டைம்லைனில் ஒரு தடவைக்கு 20 பதிவு; அதற்கு முந்தையவற்றை எங்கே கேட்பது என்பதை 'லிங்க்' ஹெடரில் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் சில ஆப்களில் ஸ்க்ரோல் அங்கேயே நின்றுவிடும்.

என்னை ஒரு முழு ராத்திரி உட்கார வைத்தது வேறு: பதிவின் ஐடி. நான் அதை எண்ணாக அனுப்பினேன். ஃபோனில் எல்லாம் சரியாக இருந்தது. பிரவுசரில் ஓடும் ஆப்பில் மட்டும் லைக் போட்டால் "பதிவு காணவில்லை". லாகைப் பார்த்தால், நான் அனுப்பியது 109348684689134563, திரும்பி வந்தது 109348684689134560. ஜாவாஸ்க்ரிப்ட் 9007199254740991-க்கு மேல் முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. மாஸ்டடான் ஐடிகளை மேற்கோள் குறிக்குள் சரமாக அனுப்புவது இதனால்தான். பிரவுசர் ஆப்களுக்காக கோர்ஸ் ஹெடர்களையும் (வேறு தளத்தின் பக்கம் நம் பதிலைப் படிக்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்பவை) சேருங்கள். 'லிங்க்' ஹெடரைப் படிக்கவும் அதில் அனுமதி கொடுக்க வேண்டும்.

படி 5: சோதனை

முதலில் கர்ல் (கமாண்ட் லைனிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) வைத்து நான்கு படியையும் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். பிறகுதான் ஃபோன். ஆப் டொமைன் பெயரைத்தான் கேட்கும், எச்டிடிபிஎஸ்ஸும் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட்டில் அதற்கான சான்றிதழ் இலவசம். செட்டிங்ஸில் "இணைத்த ஆப்கள்" என்று ஒரு பக்கமும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'நீக்கு' பட்டனும் வையுங்கள். ஃபோனைத் தொலைத்துவிட்டு வருபவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

எங்கள் தளம் இப்போது டஸ்கியில் ஓடுகிறது. படம் மட்டும் ஏற்ற முடியவில்லை. மீடியா முகவரியை இன்னும் எழுதவில்லை. மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தைப் படம் எடுத்துப் போட முடியவில்லை என்று இரண்டாவது மாடி மாமி தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.